இரவை அளக்கும் செடி, அக்டோபரில் சரியும் விலை

கலிபோர்னியாவின் வடக்கே ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி என்று மூன்று மலை மாவட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அமெரிக்காவின் கஞ்சா விவசாயத்துக்குப் பேர்போன இந்தப் பகுதியை 'எமரால்டு டிரையாங்கிள்' என்கிறார்கள். அங்கே திறந்தவெளியில் பயிரிடுகிறவர்கள் அக்டோபர் மாதத்துக்கு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்: குரோப்டோபர். ஓராண்டு உழைப்பின் விளைச்சல் முழுவதும் சில வாரங்களில் வீடு வந்து சேரும் காலம் அது. மொத்த விலை இறங்கும் காலமும் அதுதான்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி வரத்து கூடினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் தக்காளியை ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி நடலாம். திறந்தவெளிக் கஞ்சாவுக்கு அந்த வசதி கிடையாது. எப்போது பூப்பது என்பதை விவசாயி முடிவு செய்வதில்லை. செடியே முடிவு செய்கிறது. அந்த ஒரு குணத்திலிருந்தே பூச்சித் தொல்லை, பூஞ்சணம், இயற்கைச் சாகுபடியின் சிக்கல், சந்தை விலை, வரிச்சுமை எல்லாம் கிளைக்கின்றன.

இருட்டில் ஓடும் கடிகாரம்

கஞ்சா ஒரு பருவத்தில் வாழ்ந்து முடியும் செடி. வசந்தத்தில் முளைத்து, கோடை முழுவதும் கிளையும் இலையுமாகப் பெருத்து, இரவு நீளத் தொடங்கியதும் பூக்கிறது. குளிர் வருவதற்குள் விதையை முற்றவைத்துவிட்டு மடிகிறது.

செடிகள் பகல், இரவின் நீளத்தைக் கணித்துப் பூக்கின்றன என்ற கண்டுபிடிப்பின் தொடக்கத்திலேயே இந்தச் செடி இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் டூர்னுவா 1910களின் தொடக்கத்தில் ஹெம்ப் எனப்படும் நார்க் கஞ்சாவையும் அதன் நெருங்கிய உறவான ஹாப்ஸ் கொடியையும் வைத்துச் சோதனைகள் செய்தார். வெளிச்சம் குறைவாகக் கிடைத்த செடிகள் பருவத்துக்கு முன்பே பூத்தன. பகல் குறுகியதைவிட இரவு நீண்டதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். 1914இல் முதல் உலகப்போர் அவரைப் பலிகொண்டது. 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு இருவரும் புகையிலையிலும் சோயாவிலும் இதையே விரிவாக நிறுவினார்கள். டூர்னுவா சொன்ன இரவுக் கணக்கு சரிதான் என்பது அதற்கும் பின்னால் உறுதியானது.

இலைகளில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் வெளிச்சத்தில் ஒரு வடிவத்தில் இருக்கும். இருட்டில் மெல்ல மற்றொரு வடிவத்துக்குத் திரும்பும். இடையூறு இல்லாத இருட்டு ஒரு வரம்பைத் தாண்டியதும் பூக்கச் சொல்லும் சமிக்ஞை பிறக்கிறது. நள்ளிரவில் சற்று நேரம் விளக்கு எரிந்தாலும் கணக்கு குழம்பிவிடும். அதனால்தான் தெருவிளக்கின் வெளிச்சம் படும் செடிகள் பூக்கத் தாமதிக்கின்றன.

ஹம்போல்ட் ஏறத்தாழ 40 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே பகல் 15 மணி நேரம். ஆகஸ்ட் நடுவில் அது 14 மணிக்குக் கீழே இறங்கும்போது மலை முழுவதும் செடிகள் ஒன்றாகப் பூக்கத் தொடங்குகின்றன. செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை ஒன்றாகவே முற்றுகின்றன. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணியைத் தொடுவதில்லை. நம் அட்சரேகைகளுக்குப் பழகிய வெப்பமண்டல நாட்டு ரகங்கள் பூத்து முற்ற நெடுநாள் எடுத்துக்கொள்கின்றன. ஹம்போல்டில் நட்டால் மழைக்கு முன் அவை தேறுவது கடினம். 1970களில் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைகளிலிருந்து வந்த, விரைவில் முற்றும் ரகங்களோடு கலந்த பிறகே கலிபோர்னிய மலைகளில் இந்தப் பயிர் நிலைத்தது.

ஆண் செடியைப் பிடுங்குகிறவர்

கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. சந்தைக்குப் போவது பெண் செடியின் பூங்கொத்து மட்டுமே. மகரந்தம் கிடைக்காத பெண் பூ மேலும் மேலும் பூத்துப் பருக்கிறது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் பனித்துளிபோல் தெரியும் பிசின் சுரப்பிகள் நிறைகின்றன. போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருளின் அமில வடிவமும், மணம் தரும் டெர்பீன்களும் உருவாகும் இடம் அந்தச் சுரப்பிகள்தான். அமில வடிவத்துக்குப் போதை கிடையாது. சூடுபட்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு கழன்ற பிறகே அது டிஎச்சி ஆகிறது. மகரந்தம் பட்டுவிட்டாலோ செடியின் சக்தி விதைக்குப் போய்விடும். பூவின் விலையும் போய்விடும்.

இந்த நுட்பத்தைக் கலிபோர்னியா கண்டுபிடிக்கவில்லை. 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையம், வங்காளத்தின் நவ்காவ் பகுதியில் நடந்த சாகுபடியை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. 'போத்தார்' என்று அழைக்கப்பட்ட நிபுணர் வயல் வயலாக நடந்து, ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்குவார். ஆங்கிலேயர் அவரைக் கஞ்சா டாக்டர் என்றே குறிப்பிட்டார்கள். அங்கே எல்லாம் உரிமத்தின்கீழ் நடந்தது. விளைச்சல் கிடங்குக்குப் போகும், தீர்வை கட்டிய பிறகே வெளியேறும். 1917இல் விவசாயிகள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். நவ்காவ் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டுவரை சிறை. நாருக்கும் விதைக்குமான ஹெம்ப் சாகுபடிக்கு மட்டும் மாநில அரசுகளின் வழியாக அனுமதி பெற இடமுண்டு. உத்தரகண்ட் 2018இல் அப்படி உரிமம் வழங்கியது.

மண்ணும் பூச்சியும்

எமரால்டு டிரையாங்கிளில் இந்தத் தொழில் வேரூன்றியதிலேயே ஒரு களைக்கொல்லிக்குப் பங்கு உண்டு. 1960களின் இறுதியில் நகரத்தை வெறுத்துக் கிளம்பிய இளைஞர்கள், ரெட்வுட் மரங்கள் வெட்டித் தீர்ந்த மலைநிலங்களை மலிவாக வாங்கிக் குடியேறினார்கள். அப்போது அமெரிக்கச் சந்தைக்குக் கஞ்சா பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1975 முதல் அமெரிக்க உதவியோடு மெக்சிகோ அரசு அந்தப் பயிர்கள்மீது பாராகுவாட் களைக்கொல்லியைத் தெளித்தது. நஞ்சு பட்ட சரக்கு தங்கள் நுரையீரலுக்கு வருகிறது என்று 1978வாக்கில் அமெரிக்காவில் பீதி பரவியது. யார் எப்படி வளர்த்தது என்று தெரிந்த உள்நாட்டுப் பூவுக்குக் கிராக்கி ஏறியது.

அன்று தொடங்கிய இயற்கைச் சாகுபடி மரபு இன்றும் அங்கே சில பண்ணைகளில் உயிரோடு இருக்கிறது. அறுவடைக்குப் பின் குளோவர், வெட்ச் போன்ற பயறுவகைச் செடிகளை மூடுபயிராக விதைக்கிறார்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. வசந்தத்தில் அந்த மூடுபயிரை மண்ணில் மடக்கிவிட்டு, மக்கு உரமும் மண்புழு உரமும் சேர்த்து, வைக்கோல் மூடாக்குப் போடுகிறார்கள். நம் ஊர்த் தக்கைப்பூண்டு, சணப்பு வேலைதான் இது. ரசாயன உரம் செடிக்கு நேரடியாகச் சோறு ஊட்டுகிறது. இந்த முறையில் விவசாயி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சோறு போடுகிறார். அவை கனிமங்களைக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

பூச்சிகளுக்கும் அதே வகையில் பதில் இருக்கிறது. செஞ்சிலந்திக்கு அதைத் தின்னும் வேறு சிலந்திப்பேன்களை விடுகிறார்கள். அசுவினிக்குப் பொறிவண்டு. பூவைக் குடையும் புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. அதன் புரதம் புழுவின் குடலில் மட்டும் நஞ்சாகும். செடி பூப்பதற்கு முன்புவரை வேப்பெண்ணெயும் பயன்படுகிறது.

ஆனால் சாம்பல் பூஞ்சணத்துக்கு எளிய பதில் கிடையாது. திராட்சையையும் ஸ்ட்ராபெர்ரியையும் அழிக்கும் அதே பூஞ்சணம்தான். கஞ்சாப் பூ எவ்வளவு செறிவாக இருக்கிறதோ அவ்வளவு விலை. அவ்வளவு ஈரமும் உள்ளே தங்கும். பூ முற்றும் அக்டோபரில்தான் அந்த மலைகளில் முதல் மழையும் இறங்குகிறது. ஒரே இரவில் உள்ளிருந்து அழுகத் தொடங்கிவிடும். முழுதாக முற்றவிட்டு மழையோடு சூதாடுவதா, சற்று முன்பே அறுப்பதா என்பது ஒவ்வோர் ஆண்டும் விவசாயியின் தலைவலி. அறுத்த பிறகும் வேலை முடிவதில்லை. பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இருட்டான குளிர்ந்த கொட்டகையில் பத்துப் பதினைந்து நாள் நிதானமாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் லேசான டெர்பீன்கள் காற்றோடு போய்விடும். தாமதித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு நஞ்சைத் தவிர்ப்பதற்கு அறிவியல் காரணம் வலுவானது. கத்தரிக்காயைக் கழுவிச் சமைக்கிறோம். கஞ்சாப் பூவைக் கழுவுவதில்லை, அப்படியே எரிக்கிறார்கள். திராட்சைக்கு அனுமதிக்கப்பட்ட மைக்லோபியூட்டானில் என்ற பூஞ்சணக்கொல்லி, சூடுபட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவை வெளியிடும். பூவிலிருந்து எண்ணெய் பிரித்தெடுக்கும்போது பூச்சிக்கொல்லி எச்சமும் சேர்ந்து செறிவாகிறது. செடியே மண்ணிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சுவதில் வல்லது. கலிபோர்னியா சட்டம் ஒவ்வொரு தொகுதிச் சரக்கையும் 66 பூச்சிக்கொல்லிகளுக்கும் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் ஆகிய நான்கு உலோகங்களுக்கும் சோதிக்கச் சொல்கிறது. இருந்தும், உரிமம் பெற்ற கடைகளில் விற்ற சில பொருட்களில் பூச்சிக்கொல்லி இருந்ததை 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அவற்றில் சில, அந்த 66இன் பட்டியலிலேயே இல்லாதவை.

திறந்தவெளி என்பதாலேயே எல்லாம் தூய்மை என்றும் சொல்லிவிட முடியாது. அரசுக் காடுகளில் திருட்டுத்தனமாக நடந்த சாகுபடியில் எலிமருந்தை அள்ளித் தெளித்தார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இறந்து கிடைத்த, ஃபிஷர் என்னும் 58 சிறு ஊனுண்ணி விலங்குகளில் 46இன் உடலில் எலிமருந்து இருப்பதைக் காட்டியது. கோடையில் ஓடைகளைத் திருப்பியதால் சால்மன் மீன்கள் வாழும் நீரோடைகள் வற்றின. அதனால் இன்றைய விதிப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடையில் நீர் எடுக்கக்கூடாது. மழைக்காலத்தில் குளமோ தொட்டியோ நிரப்பிக்கொள்ள வேண்டும். சிறிய பண்ணைக்கு இது பெரிய முதலீடு.

முத்திரை கிடைக்காத இயற்கை விளைபொருள்

அமெரிக்காவில் 'ஆர்கானிக்' முத்திரை மத்திய வேளாண் துறையின் கையில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. மத்தியச் சட்டம் தடுத்த பயிருக்கு மத்திய முத்திரை தர வழியில்லை. 2018இன் வேளாண் சட்டம் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாத ஹெம்பை விடுவித்தது. அதற்கு அந்த முத்திரை கிடைக்கும். ஒரே இனத்துச் செடி, ஒரே மண், ஒரே பராமரிப்பு. ஒரு வேதிப்பொருளின் அளவு வரம்பைத் தாண்டினால் முத்திரை இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, தேசிய விதிகளுக்கு இணையான 'ஓகால்' என்ற சான்றிதழ்த் திட்டத்தைக் கலிபோர்னியா 2021இல் தொடங்கியது. 'சன் பிளஸ் எர்த்' போன்ற தனியார் சான்றிதழ்களும் உண்டு. ஆனால் கடையில் நிற்கும் வாடிக்கையாளர் பெரும்பாலும் பார்ப்பது சான்றிதழை அல்ல. டிஎச்சி எத்தனை சதவீதம், பூ எவ்வளவு அழகு என்பதைத்தான். அந்தப் போட்டியில் காற்றும் தூசியும் மழையும் படாத கட்டடத்துப் பூ ஜெயிக்கிறது. கூடுதல் விலையும் பெறுகிறது.

சூரியனும் மின்கட்டணமும்

கட்டடத்துக்குள் வளர்ப்பது ஏன் பரவியது என்பதற்கும் வரலாறு பதில் சொல்கிறது. 1983இல் கலிபோர்னியா அரசு கஞ்சா ஒழிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அறுவடைக்கு முன் ஹெலிகாப்டர்கள் மலைமேல் வட்டமிட்டன. செடிகள் முதலில் மர நிழலுக்குள் ஒதுங்கின, பிறகு கூரைக்குக் கீழே போய்விட்டன. உள்ளே போனதும் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் அணைத்து வைத்தால் போதும், செடி எந்த மாதத்திலும் பூக்கும். ஆண்டுக்கு நான்கைந்து அறுவடை எடுக்கலாம்.

விலை கொடுப்பது மின்கட்டணத்தில். 2021இல் கொலராடோ பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் அமெரிக்கா முழுவதற்கும் கணக்கிட்டார்கள். கட்டடத்துக்குள் விளையும் ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயு வெளியேறுகிறது. குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். விளக்கைவிடக் குளிரூட்டலும், வெளிக்காற்றை ஓயாமல் உள்ளிழுத்துப் பதப்படுத்துவதும் அதிக மின்சாரம் கேட்கின்றன.

தரத்திலும் கட்டடம் உயர்ந்தது என்பது நிரூபணமாகவில்லை. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழக வேதியியலாளர்கள், மரபில் ஒத்த செடிகளை உள்ளேயும் வெளியேயும் வளர்த்து ஒப்பிட்டார்கள். வெயிலில் வளர்ந்தவற்றில் செஸ்க்விடெர்பீன் வகை மணப்பொருட்கள் கூடுதல். உள்ளே வளர்ந்தவற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து சிதைந்த கூறுகள் கூடுதல். இரண்டு ரகங்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

மலிவே பகையானபோது

குறைந்த செலவில், குறைந்த மாசில், நல்ல பூ. இப்படிப்பட்ட விவசாயி சட்டபூர்வச் சந்தையில் செழித்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

கலிபோர்னியா 1996இல் மருத்துவப் பயன்பாட்டையும், 2016 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பின் மூலம் பெரியவர்களின் பொதுப் பயன்பாட்டையும் அனுமதித்தது. 2018 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. தடை இருந்த காலத்தில் ஒரு பவுண்டு பூ சில ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலையில் பெரும்பகுதி சிறைக்குப் போகும் அபாயத்துக்கான கூலி. ஹெலிகாப்டர் பாதிப் பயிரை அழித்தாலும், மீதிப் பயிருக்கு நல்ல விலை நிற்பதற்கு அதுவே காரணமாகவும் இருந்தது. அபாயம் நீங்கியதும் அந்தக் கூலியும் நீங்கியது.

சிறு விவசாயிகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் தருவதாகத்தான் திட்டம்: பெரிய பண்ணை உரிமங்கள் 2023க்கு முன் கிடையாது. ஆனால் 2017 நவம்பரில் வந்த விதிகள், 10,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 23 சென்ட் அளவிலான சிறு உரிமங்களை ஒருவரே எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டுவிட்டன. முதலீடு வைத்திருந்தவர்கள் சிறு உரிமங்களை அடுக்கிப் பெரும் பண்ணையாக்கினார்கள். உற்பத்தி பெருகியது. மாநில எல்லையைத் தாண்டி விற்பது மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால், கலிபோர்னியாவில் விளைந்ததைக் கலிபோர்னியாவே வாங்கியாக வேண்டும். 2021–22இல் திறந்தவெளிப் பூவின் மொத்த விலை பவுண்டுக்குச் சில நூறு டாலராக விழுந்தது.

அதற்குமேல் சாகுபடி வரி. அது விலையில் ஒரு சதவீதமாக இல்லை. எடைக்கு இவ்வளவு என்று நிர்ணயம். 2022 தொடக்கத்தில் உலர்ந்த பூ அவுன்சுக்கு 10.08 டாலர், பவுண்டுக்கு 161 டாலர். ஆயிரம் டாலருக்குமேல் விற்கும் கட்டடத்துப் பூவுக்கு அது தாங்கக்கூடிய செலவு. முந்நூறு டாலருக்கு விற்கும் வெயில் பூவுக்கோ விலையில் பாதி. சூரியன் மிச்சப்படுத்திய மின்கட்டணத்தை அரசு வரியாக வாங்கிக்கொண்டது போலாயிற்று. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று வரி நீக்கப்பட்டது. அதற்குள் பலர் தொழிலை விட்டிருந்தார்கள்.

தப்பிக்கும் முயற்சிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் செடியின் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகின்றன. வளைகுழாய்ப் பந்தலின்மேல் மாலையில் கறுப்புத் தார்ப்பாய் இழுத்து, கோடையிலேயே செயற்கையாக நீண்ட இரவை உண்டாக்கினால் ஜூலை, ஆகஸ்டில் அறுக்கலாம். மழையும் தப்பும், வரத்தும் தப்பும். இரவு நீளத்தைப் பாராமல் வயதைக் கொண்டு பூக்கும் வடக்கத்திய ருடெராலிஸ் இனத்தோடு கலந்த ரகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் தார்ப்பாய் எல்லோரிடமும் வந்துவிட்டால் விலை சரியும் மாதம்தான் மாறும்.

அதனால் 2020இல் வந்த புவிசார் பெயர்ச் சட்டம் வேறு திசையில் செல்கிறது. ஒரு பகுதியின் பெயரைப் பூவின்மீது போட வேண்டுமென்றால், செடி அந்தப் பகுதியின் நிலத்திலேயே நடப்பட்டிருக்க வேண்டும். பசுமைக்குடில் கூடாது, வளைகுழாய்ப் பந்தல் கூடாது, செயற்கை விளக்கு கூடாது. பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் ஊர்ப் பெயரால் வாழ்வதுபோல் இங்கும் வாழலாம் என்பது நம்பிக்கை. அது பலிக்க, அந்தப் பெயரை மதித்துக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் கலிபோர்னியாவுக்கு வெளியேயும் வேண்டும். மாநில எல்லைகள் திறக்கும்வரை அந்தக் கூட்டம் சேராது.

விளைச்சலைக் கூட்டுவதும் செலவைக் குறைப்பதும் மட்டும் ஒரு விவசாயியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு ஹம்போல்ட் தெளிவான சாட்சி. எல்லோரும் ஒரே மாதத்தில், ஒரே பொருளை, ஒரே அடைபட்ட சந்தைக்குக் கொண்டுவந்தால், மிகக் குறைந்த செலவில் விளைவிப்பவர்தான் முதலில் அடிவாங்குகிறார். அவருடைய சிக்கனத்தின் பலன் விலை வழியாக வாங்குபவருக்கும், வரி வழியாக அரசுக்கும் போய்விடுகிறது. நவ்காவ் விவசாயிகள் நூறு ஆண்டுக்கு முன்பே கூட்டுறவாகத் திரண்டார்கள். கலிபோர்னியச் சட்டத்திலும் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவு அமைக்க இடமிருக்கிறது. பூக்கும் நாளை விவசாயியால் தள்ளிப்போட முடியாமல் போகலாம். விற்கும் நாளைத் தள்ளிப்போடும் கிடங்கும் கைப்பணமும் தனி ஒருவரிடம் இருப்பதில்லை, சேர்ந்து நின்றால் இருக்கும்.